ஹெட்லைட்

சாட்ஸ்வொர்த் முழுக்க மின்வெட்டு.
ரொட்டி வேனைக் கராஜ் பக்கம் திருப்பி
ஹெட்லைட்டைப் போட்டேன்.
வெறுங்காலோடு ஆடினான் கவேஷன்.
கதவில் ஏறிய நிழல்
கூரைக்கு மேலே போயிற்று.

"ஆம்பளப் பையனுக்கு எதுக்கு இதெல்லாம்?"
மதில்மேல் மூட்லியின் தலை.
நீளமாக ஹார்ன் அடித்தேன்.
அதற்கும் ஓர் அடவு போட்டான் பிள்ளை.

ஜோகன்னஸ்பர்க் நாட்டியப் பள்ளியில் தேர்வு,
ஒன்பதே நாள்.
பஸ் காசு பிஸ்கட் டின்னில் இருக்கிறது.
எண்ணிப் பார்க்கப் பயம்.

விடியாத நாலு மணி.
பேட்டரி செத்துக் கிடந்தது,
பின்னால் அறுபது தட்டு ரொட்டி.
தள்ளுடா என்றேன்.
தள்ளினான். வண்டி உருண்டது, இருமியது,
பிடித்துக்கொண்டது.
"நிறுத்தாதேம்மா, போ!"

கண்ணாடியில் பார்த்தேன்:
நடுத்தெருவில் ஒற்றைக்காலில் நின்று
உள்ளங்காலில் ஏறிய கல்லை
எடுத்துக்கொண்டிருந்தான்,
ஆடாமல் அசையாமல்.