ஜோடித் தீனி

வனேடியம் கரைத்த தண்ணீர் வெளிர் நீலம்.
பள்ளிக்கூடச் சட்டைக்குச் சொட்டு நீலம் போட்ட
வாளியின் நிறம்.
பாட்டில் பாட்டிலாய் நிரப்பி
கூண்டுக் கம்பியில் தலைகீழாய் மாட்டுகிறேன்.
யஷ்வந்த்பூரில் இன்னும் விடியவில்லை.
கூட்ஸ் வண்டி ஒன்று
போகலாமா வேண்டாமா என்று நிற்கிறது.

இந்த எலிகளுக்குச் சர்க்கரையை வரவழைத்தது நாங்கள்தான்.
ஒரே ஊசி. மூன்றே நாள்.
என் வீட்டுக்காரருக்கு யாரும் ஊசி போடவில்லை,
தானாகவே வந்தது.

வால் நுனியில் ஒரு துளி:
நானூற்றுப் பன்னிரண்டு.
மூன்று வாரம் நீலத் தண்ணீர் குடித்த ஆறாம் கூண்டில்
இருநூற்று ஆறு.
நோட்டில் எழுதும்போது
எண்கள் கொஞ்சம் பெரிதாய் விழுந்தன.

நஞ்சுண்டப்பா தரையைக் கழுவிக்கொண்டே
கன்னடத்தில் கேட்டார்,
"இறங்கியதென்னவோ சரி,
தின்கிறதா என்று பார்த்தீர்களா அம்மா?"

தின்னவில்லை.
தண்ணீரில் இரும்பு கசக்கிறது போல. வயிற்றுப்போக்கு வேறு.
தட்டில் பாதி அப்படியே கிடக்கிறது.
இறக்கியது மருந்தா, பட்டினியா?

அதைக் கண்டுபிடிக்கத்தான் ஏழாம் கூண்டு.
அதற்கும் சர்க்கரை உண்டு, மருந்து கிடையாது,
குடிக்க நல்ல தண்ணீர்.
ஆனால் ஆறாம் கூண்டு நேற்று எவ்வளவு தின்றதோ
தராசில் நிறுத்து அவ்வளவேதான் போடவேண்டும்.
பதினாறு கிராம் என்றால் பதினாறு கிராம்.
நோட்டின் ஓரத்தில் 'ஜோடித் தீனி' என்று
தமிழில் குறித்து வைத்திருக்கிறேன்.
நிமிஷத்தில் தின்று முடித்து
கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அது.
ஏன் என்று அதற்கு யாரும் சொன்னதில்லை.

பீன்யா பட்டறையில் அவர் ஒருநாள்
ஸ்பானரைத் துடைத்து டியூப்லைட்டில் காட்டினார்.
பொறித்திருந்தது: குரோம் வனேடியம்.
"பத்தொன்பது வருஷமா இதத்தான் பிடிச்சிட்டிருக்கேன்,
எனக்கு இறங்கியிருக்கணுமே?"

பிறகு, சிரிப்பு அடங்கினதும்,
"ஒரு மூடி கொண்டு வாயேன் அந்தத் தண்ணிய."

நாக்கு பச்சையாகிவிடும் என்றேன்.
ஆகட்டும், கிளி மாதிரி இருப்பேன் என்றார்.
கிட்னி என்றேன்.
ஸ்பானரை அதன் ஆணியில் மாட்டினார்.

ராத்திரி அவருக்கு இரண்டு சப்பாத்தி. எனக்கும் இரண்டு.
அவர் காப்பியில் சர்க்கரை நின்ற அன்றே
என்னுடையதிலும் நின்றது.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
ரவிக்கைகளை இரண்டு தடவை பிடித்தாயிற்று.

ஏழாம் கூண்டை நேற்று அளந்தோம்.
இருநூற்று நாற்பத்தேழு.
டாக்டர் ஷர்வாணி கால்குலேட்டரை எடுக்கவில்லை,
விரலாலேயே மேசையில் கழித்தார்.
மருந்து செய்தது நாற்பத்தொன்று.
மீதி நூற்று அறுபத்தைந்தும்
பசி.

"நாற்பத்தொன்றும் ஒன்றுமில்லாததல்ல" என்றார்,
ஜன்னலைப் பார்த்து.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
ஐயங்கார் பேக்கரியில் நின்றபடியே
ஒரு முழு தில்பசந்த் தின்றேன்.
தேங்காய்ப் பூ, டூட்டி ஃப்ரூட்டி, விரலெல்லாம் நெய்.
முந்தானையில் வாயைத் துடைத்து
பீன்யா வண்டி ஏறினேன்.
எத்தனை கிராம் என்று
எந்த நோட்டிலும் இல்லை.