உள்விளிம்பு

வெளியே பார்த்தால் நல்ல டயர்தான்.
ஜும்பேர் ஸ்டியரிங்கை ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டு
"உள்ளே கையை விட்டுப் பாருங்கள், டாக்டர்" என்றான்.
விட்டேன்.
பிறந்த கன்றின் நெற்றி மாதிரி மொழுமொழுவென்று.
இன்னும் சற்றுத் தள்ளி
கம்பி நுனி விரலில் ஏறியது.

ஜுக்டிடியில் மூன்றாம் நாளாக மழை.
தகரக் கூரையின் கீழ் எனக்கு முன்னால் ஏழு வண்டிகள்,
எல்லாம் மலைக்குப் போகிறவை.
அக்டோபர் முடிவதற்குள் எல்லாவற்றுக்கும் கால் பார்த்தாக வேண்டும்.

இருபத்திரண்டு வருடமாக மாட்டு வைத்தியம் பார்க்கிறேன்.
குளம்பைத் தூக்கினால் போதும்,
எந்தக் காலில் வலி,
எந்தக் காலிடம் அது பாரத்தைத் தள்ளிவிட்டது
என்று சொல்லிவிடுவேன்.
என் வண்டியின் குளம்பை ஒரு நாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

"வலது முன்சக்கரம் எங்கேயோ பலமாக அடி வாங்கியிருக்கிறது.
ஏழெட்டு மாதம் இருக்கும்."
"இல்லையே" என்றேன்,
அழுகிய தீவனம் போட்டவர்கள் என்னிடம் சொல்லும்
அதே வேகத்தில்.

போனில் போந்தோ.
"புதுசெல்லாம் எதற்கு?
சந்தையில் ஜெர்மனியில் ஓடின டயர் கிடைக்கும், ஐம்பது லரி.
ஜெர்மன்காரன் ரோட்டில் என்ன தேய்ந்திருக்கும்?"
டயரின் விலாவில் நான்கு எண் இருக்கும்,
பிறந்த வாரமும் வருடமும்.
தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
இது தானமில்லை, ஐம்பது லரி.
தவிர, பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.
வைத்துவிட்டேன்.

ஜும்பேரின் மருமகன் ரெஸோ நாலையும் மாற்றச் சொன்னான்.
பையன் கமிஷனுக்குப் பேசுகிறான், கண் பின்சக்கரத்தில் இல்லை.
ஜும்பேர் ஒரு நாணயத்தை எடுத்துப்
பின்டயரின் பள்ளத்தில் நிறுத்தினான்.
"இது இன்னொரு பனி தாங்கும்.
புதுசு ரெண்டையும் பின்னால் போட்டு, இதை முன்னால் கொண்டு வருகிறேன்.
ஆனால் அலைன்மென்ட் பார்க்காமல் போட மாட்டேன்.
போட்டால் வசந்தத்துக்குள் இதையும் தின்றுவிடும்."

நொண்டும் குதிரைக்குப் புது லாடம் அடித்தவனை
நானே நடுத்தெருவில் வைத்துத் திட்டியிருக்கிறேன்.
இருந்தும் வாய் கேட்டது:
"அது எவ்வளவு?"
"நாற்பது."

பிப்ரவரி. ராத்திரி இரண்டு மணி.
சியாலாவின் பசு, கன்றின் ஒரு கால் பின்னால் மடங்கிக் கிடக்கிறது,
ஜ்வாரித் திருப்பத்துக்கு முன்னால்
பலகை முறிந்த மாதிரி ஒரு சத்தம்.
நான் பிரேக்கைத் தொடவே இல்லை.
தோள்வரை சோப்புத் தடவிக் கன்றை இழுத்தபோது
அந்தச் சத்தம் மறந்து போயிருந்தது.
கன்று எழுந்து நின்றது.
சியாலா தர வேண்டிய அறுபது லரி
இன்றுவரை உட்கார்ந்தே இருக்கிறது.

"பாருங்கள், செய்யுங்கள்" என்றேன்.

சக்கரங்களில் கண்ணாடித் தட்டுகளைக் கவ்வவிட்டார்கள்.
திரையில் சிவப்பு எண்கள்.
ஜும்பேர் வண்டிக்கடியில் படுத்து
ஸ்பேனரை ஒரு மூச்சளவு திருப்ப,
ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன.
கடைசி எண் மட்டும் அடம் பிடித்தது.
அவன் அதை நாய் மாதிரி கெஞ்சினான், அப்புறம் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான்,
வந்தது.

மழை விட்டிருந்தது. சாலை காலி.
வண்டி வலப்பக்கம் ஒதுங்கியது.
திரும்பிப் போய் ஜும்பேரைக் கேட்கலாம் என்று
கோபத்தோடு வேகத்தைக் குறைத்தேன்.
அப்போதுதான் கையைப் பார்த்தேன்.
எட்டு மாதமாக வண்டி இடப்பக்கம் இழுக்க
நான் வலப்பக்கம் பிடித்துப் பிடித்து
அதுவே நேர் என்று நினைத்திருக்கிறது கை.
இரண்டு விரலைத் தளர்த்தினேன்.
வண்டி தன்பாட்டுக்குப் போனது.
தோள்பட்டைதான் எதையோ தேடிக்கொண்டே வந்தது.

ஜ்வாரித் திருப்பத்துக்கு முன்னால் அந்தக் குழி
இன்னும் இருக்கிறது.
தண்ணீர் நிறைந்து, வானம் போட்டு மூடி.
யாரோ நடுவில்
ஒரு பிளம் கிளையை நட்டு வைத்திருந்தார்கள்.