ஞாயிற்றுக்கிழமைதான்

முன்பு டயர்க்கடையாக இருந்த ஸ்டூடியோ.
மழை பெய்தால் இன்றும் ரப்பர் வாசனை கிளம்பும்.
நாக்ஸ்வில்லிலிருந்து வடக்கே நாற்பது மைல்.
ஒரு பக்கம் கோழிப்பண்ணை,
மறுபக்கம் பாப்டிஸ்ட் சர்ச்.
இரண்டும் வாயை மூடும் நேரம் பார்த்துத்தான்
நாங்கள் வாயைத் திறக்க வேண்டும்.

பதினோரு பாட்டு. ஒன்றும் என்னுடையதல்ல.
எல்லாம் வேறு வேறு பெண்கள் எழுதியவை.
"உன்னுடையது ஒன்றையாவது போடு, டெல்ஃபா" என்கிறான்
வயர்களை மிதித்தபடி நடக்கும் கிளின்டன் ஓக்ஸ்.

முப்பது வருடம் என்னைத்தானே பாடினேன், கிளின்டன்.
என் விவாகரத்தை மூன்று கார்டில் விற்றேன்.
அப்பாவின் டிரக்கை இரண்டு ஆல்பத்தில்
இரண்டு முறை விற்றேன்.
வீட்டில் இனி விற்க எதுவும் இல்லை.
சர்க்கரை தீர்ந்துபோனவள் மாதிரி
காலிக் கிண்ணத்தோடு
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்.

ஐவா நெல்லின் பாட்டில் மூச்சு என்னுடையதைவிட நீளம்.
மோட்டலில் படுக்கை விரித்தவள் அவள்.
ஒரு வரியை இந்த முனையில் பிடித்து உதறினால்
அந்த முனைவரை சுருக்கமில்லாமல் விழுகிறது.
நான் பாதியில் நின்று
மாடி ஏறியவள் மாதிரி இரைக்கிறேன்.

கோரா ஸ்டாம்பர் பாடியதற்கு இருப்பது ஒரே ஒரு கேசட்.
இரண்டாம் சரணத்துக்கு முன் ஒரு குழந்தை பால் கேட்கிறது.
"இரு" என்கிறாள், சுருதி பிசகாமல்,
பிறகு பாட்டுக்குள் போகிறாள்.
அந்த "இரு"வையும் பாடவா என்று கேட்டேன்.
வேடிக்கைக்குத்தான் கேட்டேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏழாவது, வில்லடீன் ப்ரூவருடையது.
*ஞாயிறு காலை அவன் சட்டையை அலசினேன்.*
நான் திங்கள் என்று பாடிவிட்டேன்.
தவறி அல்ல, தெரிந்தேதான்.
துணி துவைக்கிற நாள் திங்கள்,
என் அம்மாவுக்கும், அந்தக் கவுன்டி முழுவதற்கும்.
ஞாயிற்றுக்கிழமை கொடியில் ஈரத்துணி தொங்கினால்
ஊர் வாயில் அந்த வீடு தொங்கும்.
எழுதும்போது கை தவறியிருக்கும் என்று நினைத்தேன்.

ஆனாலும் கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன்.
ஹார்லனுக்கு அப்பால் ஒரு டிரெய்லரில் இருக்கிறாள்.
பின்னால் டிவியில் ஏதோ ஏலம்.

"ஞாயிற்றுக்கிழமைதான்" என்றாள்.
"எல்லோரும் சர்ச்சில் இருந்தார்கள்.
பம்படியில் ஆளில்லாத நேரம் அது ஒன்றுதான்."

சட்டை அவனுடையது.
ரத்தம் யாருடையது என்று
கேட்க வாயெடுத்தேன்.

"பாட்டிலும் அதை நான் சொல்லவில்லை" என்றாள்,
நான் கேட்காததற்குப் பதிலாக.
பிறகு, காசு எந்த மாதம் வரும், செக்கா, பேங்கிலா,
ஹீட்டர் பழுது, குளிர் வருகிறது என்று
பத்து நிமிடம்.

மறுபடி பாடினோம். ஞாயிறு.
அந்தச் சொல் வந்த இடத்தில்
ஹோபார்ட் தன் ஸ்டீல் கிட்டாரைத் தொட மறந்தான்.
மன்னிப்புக் கேட்டான். இருக்கட்டும் என்றேன்.
போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்து
அவளுக்குப் போட்டுக் காட்டினோம்.

ஏலக்காரனின் குரல் நின்றது.
டிவியை அணைத்திருக்கிறாள்.

முடிந்த பிறகும் வெகுநேரம் பேச்சில்லை.
லைன் அறுந்ததென்று கிளின்டன் கையை விரித்தான்.

"நல்லாத்தான் பாடுகிறாய்" என்றாள் கடைசியில்,
"ஆனால் அவசரப்படுகிறாய்.
அந்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, பெண்ணே.
பச்சைத்தண்ணீர்.
தேய்க்கத் தேய்க்க விரல் மரத்துப்போகும்.
அவ்வளவு நேரம் எடு."

ஹோபார்ட் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.
நான் தண்ணீர் குடித்தேன்.
கிளின்டன், எண்ணு,
முன்னைவிட மெதுவாக.