வாசல் கணக்கு

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு மேலே
மாடியில் ஒரு ரூம்.
சங்கத்து வலைத்தளத்துக்கு நான்தான் காவல்.
காற்று, அலை, டீசல் விலை,
இன்றைக்கு வஞ்சிரம் என்ன ரேட்,
அவ்வளவுதான் அதில்.
அதைத் தின்னவும் வந்தன பாட்கள்,
நொடிக்கு நானூறு,
நெத்திலிக் கருவாட்டில் ஈ மாதிரி.

வாசலில் ஒரு கணக்கை வைத்தேன்.
பிசைந்தால் முன்னால் நாலு சுழியம் விழுகிற எண்ணை
வருகிறவர் போன் தேடிக் கொண்டுவர வேண்டும்.
வந்ததும் தூர எறிந்துவிடுவேன்.

கூடையை இறக்கிவைத்து ஜெசிந்தா கேட்டாள்:
"இன்னாண்ணா, ஒரு ரேட்டு பாக்கறதுக்குள்ள
போனு தோசக்கல்லாட்டம் காயுது.
உள்ள இன்னா பண்ணுது?"
"கணக்கு போடுது."
"எதுக்கு?"
"நீ ஆளுதான்னு காட்ட."
"காட்டிட்டு?"
"குப்பைல போட்ரும்."
அவள் சிரிக்கவில்லை.
அவள் வீடு எர்ணாவூர்.
கொடியில் காயும் துணியை
சாம்பல் உதறித்தான் மடிப்பாள்.
"கரண்டு இன்னா சும்மாவா வருது?" என்றாள்.

அன்று ராத்திரி பூட்டை மாற்றினேன்.
இன்ஜின் நின்ற படகு எங்கே ஒதுங்கும்
என்கிற பெரிய கணக்கைக்
கடுகு கடுகாக உடைத்தேன்.
வாடைக் காற்று இவ்வளவு, வன்னி இழுப்பு இவ்வளவு,
பத்து நிமிஷத்தில் ஒரு மரத்துண்டு எவ்வளவு தூரம்?
போனுக்கு ஒரு கடுகு.

பழைய பூட்டில் ஒரு சௌகரியம் இருந்தது:
விடை சரியா என்று கண்சிமிட்டும் நேரத்தில் தெரியும்.
இதில் பொய்யும் மெய் மாதிரியே நிற்கிறது.
அதனால் ஒரே கடுகை இரண்டு பேரிடம் கொடுத்தேன்.
ஏலத்தில் இரண்டு பேர் ஒத்துப்போனால் திருட்டு.
இங்கே அதுதான் சாட்சி.

பாட்களும் வந்தன, வரட்டும்.
எந்த ஊர் எந்திரங்களோ,
ரேட்டைத் திருட வந்து
நம் கடலில் நாலு துடுப்பு போட்டுவிட்டுப் போயின.

புதுப் போனுக்கு மூன்று வினாடி.
திரை கீறிய ஜெசிந்தா போனுக்கு நாற்பது.
அதை நான் இன்னும் சரிசெய்யவில்லை.

கார்த்திகையில் தேசப்பன் படகு திரும்பவில்லை.
ஜெசிந்தா தம்பி சவரி அதில்.
குப்பம் முழுக்க வலைத்தளத்தைத் திறந்து திறந்து மூடியது.
கரையில் இருட்டு, சாரல்,
ஒவ்வொரு கையிலும் ஒரு சின்னச் சூடு.
விடியற்காலை நாலு மணிக்கு வரைபடத்தில்
புள்ளிகள் ஓரிடத்தில் கூடின:
கோவளத்துக்குக் கிழக்கே பதினோரு மைல்.

மூன்றரைக்கே ஒரு கடலூர்ப் படகு
கயிறு போட்டு இழுத்துவிட்டது அவர்களை,
என் புள்ளிக்கு ரெண்டு மைல் தெற்கே.

"தள்ளிப் போட்டுக்கீதே உன் கணக்கு,"
மறுநாள் ஜெசிந்தா சொன்னாள்.
கூடையை இறக்கவில்லை.
தலையில் சுமையோடே போனை எடுத்து
வஞ்சிரம் ரேட்டைத் தட்டினாள்.
நின்றாள்
நாற்பது வினாடி.