கண்ணில் மருந்து விட்ட மத்தியானம்

கண்ணில் சொட்டு மருந்து விட்டு
"ரெண்டு மணி நேரம் கழிச்சு வாம்மா" என்றாள் நர்ஸ்.
பெரியாஸ்பத்திரி வாசலில்
வெயில் ஒரு வெள்ளைச் சுவராக நின்றது.
வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்,
கேஸ் சிலிண்டரை நகர்த்துகிற மாதிரி,
எங்கே இறக்குவதென்று தெரியாமல்.

பூங்காவில் நிழல் விழுந்த இடமெல்லாம்
ஆள் படுத்திருந்தது.
பக்கத்துக் கட்டடம் மியூசியம்.
நெல்லித்தோப்பில் முப்பத்தொரு வருஷக் குடித்தனம்;
சான்றிதழ், பென்ஷன், ரேஷன் கார்டு என்று
இந்தத் தெருவில் எத்தனை தரம் ஓடியிருப்போம்.
இதற்குள் போக ஒரு காரணம் வேண்டாமா?
அன்றைக்குக் காரணம் இருந்தது:
மின்விசிறி.

"ரெண்டு டிக்கெட்" என்றார் எத்துவார்.
அவர் வாயால் அதைக் கேட்டு
ரொம்ப நாளாகியிருந்தது.

எனக்கு எல்லாம் கரைந்து தெரிந்தது.
கண்ணாடிப் பெட்டிகள் மீனில்லாத மீன்தொட்டிகள்.
வெண்கலச் சாமிகளுக்கு முகமில்லை,
வாணலி எண்ணெய்போல வெறும் மினுக்கம்.
"என்னங்க எழுதியிருக்கு?" என்றேன்.
தொண்டையைச் செருமிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் பேச்சு என்றால்
மோட்டார் போட்டாச்சா, கதவைப் பூட்டிட்டியா,
உப்பு.
கோபம் வந்தால் அந்த உப்பும் இல்லை.
அந்த மனிதர் படித்தார்:

"சாடி. சுடுமண். அரிக்கமேடு.
கப்பலில் ஒயின் வந்த சாடி.
அடி கூராயிருப்பதால் தனியாக நிற்காது,
இன்னொரு சாடிமேல் சாய்ந்துதான் நிற்கும்.
வழியில் ஒரு மாலுமி பாதியைக் குடித்துவிட்டு
கடல்தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டான்."

"அதையுமா எழுதியிருக்காங்க?"
"எழுதியிருக்கே."

"கல்மணி. சிவப்பு.
கோக்கும்போது கை தவறி உருண்டோடியது.
அவள் வீடு முழுக்கத் தேடினாள்.
புருஷனைக்கூடச் சந்தேகப்பட்டாள்."

நான் சிரித்தது கூடத்தில் எதிரொலித்தது.
காவலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
பல்லக்குக்கு ஒரு கதை,
ஆள் தள்ளுகிற வண்டிக்கு ஒன்று,
யாரோ துரையின் கட்டிலுக்கு மட்டும்
"தேக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாக நகர்ந்தார்.

மருந்து இறங்க இறங்க
ஓரங்கள் கூர்மையாகத் தொடங்கின.
இன்னும் கொஞ்சம் மங்கலாகவே இருக்கட்டும் என்று
கண்ணைச் சுருக்கிக்கொண்டேன்.
ரெண்டு மணி நேரம் மூன்றரையாகி
நர்ஸ் திட்டினாள்.
மறுபடி மருந்து விட்டார்கள்.

புதுக் கண்ணாடி வந்தது பத்து நாள் கழித்து.
"எங்க போகலாம், பீச்சா?"
"மியூசியம்" என்றேன்.
ஒரு நொடி தயங்கின மாதிரி இருந்தது அவர் செருப்பு.

சாடிக்கு முன்னால் குனிந்தேன்.
சாடி. சுடுமண். அரிக்கமேடு.
மூன்றே சொல்.
கீழே ஒரு செத்த எறும்பு.
மாலுமியைக் காணவில்லை.
சிவப்பு மணிக்கு வெறும் எண்.

திரும்பினேன்.
எத்துவார் மின்விசிறியை
மிக அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.
காது மடல் சிவந்திருந்தது.
அதில் ஒரு நரைமுடி வேறு,
இப்போதுதான் தெரிகிறது எனக்கு.

ஒன்றும் கேட்கவில்லை நான்.
அடுத்த பெட்டி வரைக்கும் நடந்து
உரக்கப் படித்தேன்:

"நாற்காலி. கருங்காலி மரம்.
இதில் உட்கார்ந்தவர் முப்பத்தொரு வருஷம்
பெண்டாட்டியிடம் உப்பு மட்டும் கேட்டார்.
ஒருநாள் என்ன கடித்ததோ,
ஒரு கப்பல் கதை சொன்னார்."

பக்கத்தில் வந்து நின்றார்.
"அப்படியா போட்டிருக்கு?"
"போட்டிருக்கே."

சட்டைப்பையைத் தடவினார்.
அவர் கண்ணாடி அங்கேதான் இருந்தது.
எடுக்கவில்லை.
"மேல படி" என்றார்.