ஒரு சாண் சுறா

விசைப்படகு முதுநகர் துறையில் அணையும்போது
மணி மூன்றே கால்.
செவப்பு எறா ஒரு பக்கம், கணவாய் ஒரு பக்கம்,
மிச்சமெல்லாம் கழிசல்.
கழிசலில்தான் எனக்கு வேலை.
ஓர் அளவுகோல், நனைந்த நோட்டு,
எழுத மறுக்கும் பேனா.

அஞ்சலாட்சி கூடையைக் கவிழ்க்கிறாள்.
முந்நூறு பாகத்துச் சேறு
முழங்கை வரை ஏறியிருக்கிறது அவளுக்கு.
"குட்டிங்களப் போயி வாரிக்கினு வந்திருக்கானுவ."

குட்டியில்லை.
இருபத்திரண்டு சென்டிமீட்டர்.
இதற்கு மேல் இது வளர்ந்தால்தான் அதிசயம்.
மூக்கு நுனியில் கட்டைவிரலை ஊன்றினால்
ரிப்பன் வாலின் முடிவில் சுண்டுவிரல்.

ஒரு சாண் வயித்துக்காக என்கிறோமே,
அந்த வயிற்றுக்கே
பல் வைத்து, செவுள் கீறி,
உப்புத்தாள் போர்த்தி
இருட்டில் இறக்கிவிட்டது போல.

கூட வந்த மீன்கள் சில
மேலே வரவர உள்காற்று உப்பி
குடலை வாயில் கவ்விக்கொண்டு கிடக்கின்றன.
இவளுக்குக் காற்றுப்பை கிடையாது,
மிதக்க ஈரல் எண்ணெய் மட்டும்.
இருந்தபடியே வந்து சேர்ந்தாள்.
செத்தும் மூடாத கண், தலைக்கு மீறிய கண்.
விடிவதே இல்லாத ஊரில்
இத்தனை கண் எதற்கு?
இரை தானே மினுங்கும் ஒரு நொடி உண்டாம்.
அந்த ஒரு நொடிக்கு.

பிளேடால் கீறினேன்.

ஒன்றே ஒன்று. மடங்கிக் கிடந்தது.
நிமிர்த்தி அளந்தேன்: பத்தரை.
மறுபடி அளந்தேன்.
கொடி இல்லை.
வரும்போதே கட்டிக்கொண்டு வந்த மஞ்சள் கருவை
கட்டுச்சோறு போல அவிழ்த்துத் தின்றிருக்கிறது;
கடைசியில் ஒரு பொட்டு மிச்சம்.
எத்தனை மாதம் சுமப்பாள் என்று
நான் படித்ததில் எங்கேயும் இல்லை.

"பாதி ஒடம்பையா பெத்துப் போடும்?"
அஞ்சலாட்சி குனிந்தாள்.
ராசாப்பேட்டையில் அவள் மகளுக்குப்
பிள்ளை பிறந்து பதினாறு நாள்.
"பால் சுறா கிலோ அறுநூறு சொல்றான்.
இதுல புட்டு வச்சா
சங்குல ஊத்தலாம்."
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"பேரு என்னா இதுக்கு?"

எரிடாக்னிஸ் என்றேன்.
"எறா கணக்கா இருக்கு. வேற சொல்லு."
வேறு இல்லை.
"சாண் சுறான்னு எழுதிக்க."
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, எழுதிக்கொண்டேன்.

இன்றைக்கு நாற்பத்தொன்று. சினை பதினாறு.
கிலோ பதினெட்டு ரூபாய்க்கு
லாரியில் மண்வெட்டியால் ஏற்றினார்கள்.
காய்ந்து, பொடியாகி, கோழித் தீவனம்.
முட்டையே இடாதவள்
முட்டைக்குள் போகிறாள்.

ஏழரைக்குக் கைகழுவி டீக்கடைக்குப் போனேன்.
அவித்தது ரெண்டு என்றேன்,
மிளகுத்தூள் கொஞ்சம் தூக்கலாக.
விரலிடுக்கில் இன்னும்
அந்தச் சேறு.