மாதம் மூவாயிரத்துக்கு

செல்லம்பட்டி மருந்துக்கடைச் சுவரில்
ஏழு வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.
ஒ. தவச்செல்வி, டி.பார்ம்.,
பதிவு எண், முத்திரை,
ஓரத்தில் ஈரம் ஏறிய பாஸ்போர்ட் போட்டோ.
பக்கத்தில் சத்துமாவுக் கம்பெனி கொடுத்த கடிகாரம்.
அது ஓடுகிறது.

நான் இருப்பது ஆனையூரில்.
ஜவுளிக்கடை, இரண்டாம் மாடி,
சுடிதார் செக்‌ஷனில் பில் போடுகிறேன்.
ஐந்தாம் தேதி ஆனால் மூவாயிரம்
போனில் ஒரு சத்தத்தோடு வந்து விழும்.
நான் அதைச் சம்பளம் என்றதில்லை.
தனுக்கோடி அண்ணனும்
வாடகை என்ற வார்த்தையை எடுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்.
"ஆய்வாளர் வர்றாராம்மா. அந்த இருமல் டானிக் விஷயம்.
ஒரு ரெண்டு மணி நேரம் வந்து உக்காருங்க.
வெள்ளைக் கோட்டு வாங்கி வச்சுட்டேன்."

ஆரப்பாளையத்தில் தேனி பஸ்.
நாகமலை தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்தபடி
கரைப்பான்கள் என்ற பாடத்தை நினைவுபடுத்தினேன்.
தெளிவாக இருக்கும், இனிப்பாக இருக்கும்,
பீப்பாய் மாறிப்போனால் சிறுநீரகம் என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தேன்.
மூன்று மார்க் கேள்வி.
செக்கானூரணியில் வெள்ளரிக்காய் ஏறியது.

கோட்டு என்னைவிடப் பெரியது.
என் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்தேன்.
தைலம் வாங்க வந்தவர் மேலேயும் கீழேயும் பார்த்து
"மேடம் புதுசா?" என்றார்.

காசிமாயன் பத்தாவதோடு நின்றவன்.
மாத்திரைகளை நிறத்தால் அறிவான்.
காய்ச்சல் செட்டு என்று நாலு அட்டையிலிருந்து கத்தரித்து
ஒரு காகித உறையில் போடுகிறான்.
கத்தரி போகிற வழியில்
காலாவதித் தேதி இரண்டாகிறது.
என் கையெழுத்தை என்னைவிட நன்றாகப் போடுகிறான்.
'தவ'வுக்கும் 'செல்வி'க்கும் நடுவில் ஒரு சின்ன வளைவு,
அது எனக்கே மறந்துபோயிருந்தது.

ஆய்வாளர் களைத்துப்போய் வந்தார்.
தண்ணீர் கேட்டார்.
பேட்ச் நம்பரை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்.
வந்தது பன்னிரண்டு பாட்டில்.
அலமாரியில் ஒன்று.
அதை உறையிலிட்டு அரக்கு வைத்தார்.
"மீதி பதினொண்ணு?"

பில் புத்தகத்தைப் புரட்டினேன்.
பக்கத்துக்குப் பக்கம் நான் இருந்தேன்.
வாங்கியவர் ஒருவரும் இல்லை.

பேனாவை நீட்டினார். போட்டேன்.
பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை.
பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை,
சொல்வதற்கு இன்னொரு நாள் வைத்திருப்பவர்போல.

வண்டி கிளம்பியதும்
"முடிஞ்சதும்மா, அஞ்சு மணிக்கு பஸ்" என்று
தனுக்கோடி அண்ணன் கல்லாவைத் துடைத்தார்.
அப்போதுதான் காசிமாயன்,
யாரையும் பார்க்காமல், ஆரம்பித்தான்:
விருமாயி அக்கா, மகளுக்கு.
சூளை மேஸ்திரி ரெண்டு.
பால் சொசைட்டியில மூணு பேரு, ஒரே நாள்ல.
சத்துணவு டீச்சர்.
ஒச்சாண்டம்மன் கோயில் பக்கம் புதுசா குடிவந்தவங்க ரெண்டு.
பேர் தெரியாத ஒரு பொண்ணு, பச்சை சைக்கிள்.
பத்து விரலும் மடங்கிவிட்டன.
மடக்க விரல் இல்லாமல் நின்றான்.

கோட்டோடு அவன் மொபெட்டில் ஏறினேன்.

விருமாயி பாட்டிலை எடுத்து வந்தாள், பாதி.
"காசு திருப்பித் தருவீகளா?"
பர்ஸிலிருந்து நூற்றுப் பத்து கொடுத்தேன்.
பிள்ளை ஒண்ணுக்குப் போகுதா என்றேன்.
"இது என்ன கேள்வி" என்று சிரித்தவள்
நடுவிலேயே நிறுத்தினாள்.
"நேத்து ராத்திரி போனா.
காலைல..."
உள்ளே பார்த்தாள்.
தர்ஷிகா டிவி முன்னால் படுத்திருந்தது.
முகம் லேசாக உப்பியிருந்தது,
அழுத பிள்ளை முகம்போலத்தான்.

நூற்றியெட்டுக்கு நான்தான் பேசினேன்.
பெரியாஸ்பத்திரிக்கு என்றேன்,
மருந்தின் பெயர், பேட்ச், குடித்த அளவு.
"நீங்க யாரு?" என்றார்கள்.
மருந்தாளுநர் என்றேன்.
என் வாயிலிருந்து அந்தச் சொல்
வேறு யாரோ கூப்பிட்டதுபோல் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரம்.
பையில் ஒரு பாட்டில். வெளியே பத்து.
"பச்சை சைக்கிள் எந்தத் தெருவுல திரும்பும்னு தெரியும்,
ஏறுங்க."
ஏறினேன். ஐந்து மணி பஸ்
எங்களைத் தாண்டி மதுரைக்குப் போனது.
பதினொன்றாவது யாரென்று
அவன் முதுகு இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.